எட்டாவது கேள்வி

சாரதிகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தின் நடைபாதையில், வாங்கில் இருந்தவர்கள்: லொறிக்காரரான ஓட்டமாவடி நஸீர் காக்கா, செருப்பைக் கழற்றி வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டு; மாங்கேணியிலிருந்து மோட்டார் சைக்கிள் லைசனுக்கு வந்த இரண்டு பேர், ஒரே பேனையை மாறிமாறி வாங்கிக்கொண்டு; தூங்கிவிழும் ஒரு வங்கிக் காவலாளி; கடைசியில், சுவரோடு ஒட்டினாற்போல், திவாகரன்... இத்தனை பேரில் யார் யாரைக் கொல்லப்போகிறோம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது, வந்ததை விழுங்கிக்கொண்டு மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தான், ஏழு கேள்விக்கு அடையாளம் போட்டாயிற்று, சீனி இல்லை, பிறசர் இல்லை, காது கேட்கும், எட்டாவதுதான், வலிப்போ மயக்கமோ எப்போதாவது வந்ததுண்டா, ஆம், இல்லை, இரண்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கட்டம், ஒரு பேன் நடக்கக்கூட இடம் போதாத கட்டம். வெள்ளிக்கிழமையோடு லைசன் முடிகிறது. பேக்கரி முதலாளி புதிய லைசனின் பிரதி கேட்டிருக்கிறார், அது இல்லாமல் ஊர் ஊராய் விற்கப் பாண் ஏற்றமாட்டார், பாண் ஏற்றாவிட்டால் ஓட்டோ எதற்கு, அவன் எதற்கு... “என்ன மனே, பரீட்சையா எழுதுறாய்?” நஸீர் காக்கா எட்டிப் பார்த்தார். “எல்லாத்துக்கும் இல்லையில கீறிட்டுக் குடு. ஒண்டுக்கு ஆம் போட்டியோ, கொழும்புக்கு அனுப்புவானுகள், போனவன் திரும்பி வந்து மாடுதான் மேய்ப்பான்.” அவருக்கு ஒன்றும் இல்லையா என்று திவாகரன் கேட்டான். “எனக்கா? பதினாறு வருசமாச் சீனி. இந்த வலது கால் இரிக்கே, ஆணி ஏறினாலும் தெரியாது. பிரேக்கில கால் இரிக்கா எண்டு குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கிறன்.” மாங்கேணிக்காரர் இருவரும் சிரித்தார்கள், காவலாளியும் கண்ணைத் திறக்காமலே சிரித்தான், திவாகரனும் சிரித்தான், சிரிக்கும்போது நாக்கின் ஓரம் பல்லில் உரசி எரிந்தது.

பத்து டன் சீமெந்தோடு குனிந்து பார்க்கிறார். குனிகிற அந்த ஒரு கணத்தில் ரோட்டை யார் பார்ப்பது? ஆனால் அதைக் கேட்க இவனுக்கு என்ன யோக்கியதை, இவன் குனிவதுமில்லை, இவன் அந்த நேரத்தில் எங்கேயும் இருப்பதில்லை... முதல் தடவை லைசன் எடுத்தபோது சாரதிப் பயிற்சிக்கு லேணர்ஸ் நடத்திய றிஸ்லான் ஒரு புத்தகத்தை நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, கேள்வி நாற்பதும் இதுக்குள்ளதான் மச்சான், பாடமாக்கு, விளங்கத் தேவையில்ல. பாடமாக்கினான். ட்ரயல் அன்று பரிசோதகர் மரத்துக்குக் கீழே போனில் கதைத்துக்கொண்டே கையைக் காட்டினார், அந்தா அதுமட்டும் போய்க் கிறுகி வா, போனான், கிறுகி வந்தான், நான்கு நிமிடம் இருக்குமா? மலசலகூட உதவிக்கு எழுதிப்போட்டபோது மூன்று தரம் வந்து அளந்தார்கள், குழி எத்தனை அடி, கிணற்றுக்கு எத்தனை அடி, நாடா பிடித்து, படமெடுத்து, அயல்வீட்டில் விசாரித்து. ஒரு குழி வெட்டுகிறவனை அவ்வளவு சந்தேகப்பட்டார்கள். மூன்று சில்லும் இயந்திரமும் தந்து ஊருக்குள் அவிழ்த்துவிடுகிறவனை யாரும் ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால்... ஆனால் அப்போது சொல்ல என்ன இருந்தது, அப்போது ஒன்றும் இருக்கவில்லையே, அது போன மாசியில்தான் தொடங்கியது, கிணற்றடியில்.

ஈரச் சாக்கு மணந்தது. அதுதான் முதலில், எங்கிருந்தோ நனைந்த சாக்கு மணம், வாளிக் கயிறு கையில், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, கண் திறந்தால் மனைவி தனுஷாவின் மடி, வாயில் துண்டுத்துணி, சாரன் நனைந்திருந்தது, மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “வெட்டி வெட்டி இழுத்திச்சு,” என்றாள் தனுஷா. “பித்தம்,” என்றான். “பித்தத்துக்கு வாய் கோணுமா? கிளினிக்குக்குப் போவம்.” போகவில்லை. போனால் வருத்தத்தின் பெயரெழுதிக் கிளினிக் கொப்பி போடுவார்கள், கொப்பியில் எழுதினால் எழுதினதுதான், அந்தப் பெயரோடு பாண் விற்க முடியாது. குளிசை விழுங்கினால் அடங்கும் வருத்தமாம், பக்கத்து வளவுப் பெடியனுக்கு அடங்கிப்போயிற்றாம், ஆனால் குளிசை விழுங்குகிறவன் நோயாளி, விழுங்காதவன் சாரதி. என்ன கணக்கு இது? வருத்தம் தெரிந்து மருந்தெடுப்பவன் வீட்டிலிருக்க, வருத்தத்தை மறைப்பவன் ரோட்டிலே... யார் போட்ட கணக்கு என்று யோசித்தால் கடைசியில் அவன் போட்டதாகத்தான் வந்து நிற்கிறது, அதனால் யோசிப்பதை விட்டுவிடுவான், விட்டுவிட்டு ஓட்டோவை எடுப்பான்.

ஒன்பது நாளாகிறது. கரடியனாற்றுப் பக்கம், பின்னேரம் மூன்றரை, நல்ல வெயில், வயல் வட்டையிலிருந்து வெட்டிவந்த நெல்லைத் தார் ரோட்டில் ஒரு பக்கமாகப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள், எல்லாரும் செய்வதுதான், ரோட்டுச் சூட்டில் ஒரே நாளில் காயும். பாண் ஓட்டோவின் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது, தினமும் கேட்டுச் செத்துப்போன அதே பாட்டு, அதற்குள்ளே ஈரச் சாக்கு மணம் ஏறியது, ஓரங்கட்டு என்று ஒரு யோசனை, கை அதைக் கேட்டதா... பிறகு “ரெண்டு பாண், நாலு பணிஸ்” என்ற குரல். கண் முன்னால் காசு நீட்டிய கைகள். ஓட்டோ வேலியில் மூக்கைக் குத்தி நின்றது, பாட்டு நிற்கவில்லை, பாட்டுக் கேட்டதும் வழமைபோலச் சனம் வந்துவிட்டது, அவன் தங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்து ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். இறங்கிப் பாண் எடுத்துக் கொடுத்தான். அதுதான் நம்பமுடியவில்லை இன்றைக்கும், வாய் நிறைய இரத்தம், அதை விழுங்கி விழுங்கி மிச்சக்காசு கொடுத்தான், பணிஸ் ஆறிப்போயிற்று என்று ஒரு கிழவர் குறை சொன்னார், அதற்கும் தலையாட்டினான். எல்லாரும் போனபிறகுதான் திரும்பிப் பார்த்தான். நெல்லுக்கு நடுவால் சில்லுத் தடம் நேராக வந்திருந்தது, ஒரு வளைவில்லை, ஒரு பிரேக் அடையாளம் இல்லை, கோடு கீறினாற்போல, வேம்பு நிழலில் விரித்திருந்த பாய்க்கு மேலாலும் அதே கோடு, பாயில் ஒரு சின்னத் தலையணை, பிதுங்கிப் பஞ்சு வெளியே வந்து... பக்கத்தில் ஒரு பெண், நெல்லுக்குக் காவலிருந்தவள், கஜானி என்று யாரோ கூப்பிட்டது பிறகு கேட்டது, இடுப்பில் குழந்தை, குழந்தையின் தலையில் தண்ணீர் சொட்டியது. “குளிப்பாட்டத் தூக்கினன்,” என்றாள், “தூக்கி ரெண்டு நிமிசம் இல்ல.” அவள் ஏசுவாள் என்று பார்த்தான், ஏசவேண்டும் என்று பார்த்தான், கல்லெடுத்து எறிந்தாலும் வாங்கியிருப்பான். “அண்ணன் நித்திரையாப் போயிற்றீங்களா?” என்று அவளே கேட்டாள், அவளே எடுத்து நீட்டிய பொய், அவன் கையேந்தி வாங்கிக்கொண்டான். “ஓம் தங்கச்சி, விடியக் காலமை ஒழும்புறது.” “தேத்தண்ணி ஊத்தித் தாறன், குடிச்சிற்றுப் போங்க, கவனம்.” தேத்தண்ணி கொடுத்து அவளே அனுப்பிவைத்தாள். அவன் குடித்து முடிப்பதற்குள் அவள் புருஷன் வந்து நெல்லைக் காலால் கிளறிவிட்டான், தடம் இல்லாமல் போயிற்று.

தனுஷாவிடம் நாக்கைக் காட்டவில்லை. ஆனால் கதைக்கும்போது சொல் வழுக்கியது, சோற்றில் உறைப்புப் பட்டதும் முகம் சுளித்தான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கேட்கவில்லை. அடுத்த நாள் காலை மகள் புத்தகப் பையோடு ஓட்டோவில் ஏறப்போனாள். “புள்ள பஸ்ஸில போகட்டும்,” என்றாள் தனுஷா. அவ்வளவுதான். ஓட்டாதே என்று சொல்லவில்லை, லைசன் புதுப்பிக்காதே என்று சொல்லவில்லை, தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டாள், மற்றப் பிள்ளைகள் இருக்கிற ரோட்டுக்கு அவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் கட்டிக் கொடுத்தாள், இன்றும் கட்டிக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தான், மனதுக்குள், ஒட்டவில்லை.

நஸீர் காக்கா உள்ளே போனார், வந்தார், சான்றிதழை ஆட்டிக் காட்டினார், “அல்ஹம்துலில்லாஹ், குதிரை மாதிரி இரிக்கிறனாம்.” செருப்பு மாட்டும்போதும் குனிந்து பார்த்துத்தான் மாட்டினார். மாங்கேணிக்காரர்கள் போனார்கள், காவலாளி போனான். எட்டாவது கேள்வி இன்னும் வெறுமையாய் இருந்தது. வெறுமையாகவே கொடுப்போம், அவர்கள் கண்டுபிடிக்கட்டும், ஏன் விட்டிருக்கிறாய் என்று கேட்டால் சொல்லிவிடலாம், கேட்காவிட்டால் அது என் பிழை இல்லை... இந்த யோசனை அவனுக்குப் பிடித்தது. பெயரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் அம்மா இளவயது. எழுத்துப் பலகை, வாசித்தான். கையில் பட்டி சுற்றிக் காற்றடித்தார்கள். படிவத்தைப் புரட்டிக்கொண்டு வந்தவரின் பேனை எட்டாவதில் நின்றது, அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், அவசரமில்லாமல். “இதை நிரப்பேல்லையே, ஏன்?” நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது, இதோ, கேட்டுவிட்டார், முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார்... “மறந்திற்றன் மிஸ்.” “சொல் ஒரு மாதிரி வழுக்குது. வாயைத் திறங்க.” திறந்தான். “நாக்கில என்ன காயம் இது?” “சாப்பிடக்குள்ள கடிபட்டது.” “ஓரத்தில இவ்வளவு ஆழமா?” அவர் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார், மேசை மின்விசிறி ஒருமுறை முழுதாய்த் திரும்பி வந்தது, ஒரு சொல் போதும், ஒரு ‘ஓம்’ போதும், அந்தப் பஞ்சு பிதுங்கிய தலையணை கண்ணுக்குள் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே திவாகரன் சொன்னான், “மனிசி வச்ச நண்டுக் கறி மிஸ், அவசரப்பட்டிற்றன்.” அவர் சிரித்தார். படிவத்தை இவன் பக்கம் திருப்பிவைத்துத் தன் பேனையை நீட்டினார். “அப்ப நீங்களே கீறுங்க.” இல்லையில் கீறினான். கோடு நடுங்கக்கூட இல்லை.

வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. சான்றிதழ் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாள்... இப்போது பார்த்தாயிற்று. திரும்பிப் போகலாம், இரண்டு எட்டுத்தான், மிஸ், நான் சொன்னது பொய் என்று ஒரே வசனம், அவர் இன்னும் மேசையிலிருந்து எழுந்திருக்கமாட்டார். மூன்றரைக்குக் கரடியனாற்று ரோட்டில் நெல் காயும். இரண்டு எட்டுத்தான். அவன் அந்த வசனத்தை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான், நாக்கு அதற்கு நன்றாகவே புரண்டது, ஆனால் கால் எடுபடவில்லை. பின்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து சிற்றூழியர் அவனைக் கண்டு, சோறு அள்ளுவதுபோல் கையைக் காட்டினார், சாப்பாட்டு நேரம், ஏதாவது மறந்துவிட்டாயா என்று புருவத்தால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். பூட்டில் திறப்பு இரண்டு தரம் திரும்பியது, அவனுக்கு மூச்சு இலேசாக வந்தது, அவ்வளவு இலேசாக ஒன்பது நாளாய் வரவில்லை.