எல்லாவற்றுக்கும் 'இல்லை'

...ஆனால் அதை நெஞ்சு வலி என்று சொல்ல முடியுமா, வலி என்றால் வலிக்க வேண்டும் அல்லவா, இது வலிக்கவில்லை, யாரோ உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து மெல்ல அழுத்தி, அழுத்தினபடியே நின்றது போல இருந்தது, அவ்வளவுதான், பழனியில் ஏசி வேலைக்குப் போன அந்த லாட்ஜ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் செத்த நேரம் உட்கார்ந்து ஒரு சோடா குடித்ததும் போய்விட்டது, சோடாவில் போனால் அதற்குப் பேர் வாயு, ஊரில் யாருக்குத்தான் இல்லை வாயு... என்று பிராங்கிளின் சுற்றிச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றான். வண்டி புங்கமர நிழலில் நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போன் கிடந்தது, அடிக்கவில்லை. எதிரே வடமதுரை ரோட்டைப் பார்த்த கல்யாண மண்டபம், பக்கச் சுவரில் சாய்த்த அவனுடைய அலுமினிய ஏணி, அதன் உச்சிக்கு மேலே மாடி, மாடியில் வரிசையாக ஏசி யூனிட்டுகள், எல்லாவற்றையும் இன்றைக்குள் கழுவி, கேஸ் பார்த்து, ஓட்டிக் காட்டவேண்டும், நாளைக்கு ரிசப்ஷன். ஏறியிருக்கலாம். ஏறினால் மேலே டவர் சரியாகக் கிடைக்காது, போன் வந்து கட்டாகிவிட்டால்? அதனால்தான் கீழே இருக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அதனால்தானா?

இன்றைக்கு மதியத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு டாக்டர் போனில் பேசுவார் என்று ஏஜென்ட் வேலுசாமி சொல்லியிருந்தான். நேரில் பரிசோதனை ஒன்றும் கிடையாது, போனில் கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால் போதும், பாலிசி வந்துவிடும். "எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லுங்கண்ணே, அம்புட்டுதான். சுகர் இருக்கா, இல்ல. பிரஷர் இருக்கா, இல்ல. நீங்களா எதையாச்சும் யோசிச்சு இழுத்தீங்கன்னு வைங்க, அவன் ரிப்போர்ட் கேப்பான், அப்பறம் அது முடியாது. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." வேலுசாமி நல்லவன்தான், பேகம்பூரில் செல்போன் கடையும் வைத்துக்கொண்டு இதையும் பார்க்கிறான், அவனுக்குப் பழனி மாடி தெரியாது. யாருக்கும் தெரியாது. இல்லை, இல்லை, இல்லை... இரண்டு எழுத்தல்ல, மூன்று எழுத்து, குளிக்கும்போது காலையில் சொல்லிப் பார்த்தான், குரல் சரியாகத்தான் வந்தது.

ஏசி கம்பெனியில் வேலை பார்த்தபோது இதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. சர்வீஸ் சென்டரில் சேர்ந்த வாரமே கையில் ஒரு இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார்கள், பர்ஸில் அது கிடந்தது, மகள் ஜோஸ்பின் பிறந்ததும் மனைவி கிளாராவுக்கு ஆபரேஷன் நடந்ததும் அந்த அட்டையில்தான், நோய் இருக்கிறதா என்று எவனும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மேனேஜரோடு வாய் தடித்து, எவன் காலையும் பிடிக்க வேண்டாம், நம்ம கையில் தொழில் இருக்கிறது என்று வெளியே வந்து, வண்டி எடுத்து, வண்டியின் இரண்டு பக்கமும் பிராங்கிளின் கூலிங் சர்வீஸ் என்று எழுதி, புனித சூசையப்பர் படத்துக்கு மாலை போட்டு... அன்றைக்குப் போன அட்டை போனதுதான். அரசாங்கக் காப்பீட்டுக்குப் போனால் வருமானம் கூட என்றார்கள். வண்டிக் கடனுக்காக வருமானக் கணக்குக் காட்டியவன் அல்லவா, காட்டின கணக்கு எங்கே போகும். ஏழையும் இல்லை, சம்பளக்காரனும் இல்லை, நடுவில் நிற்கிற ஆளுக்கு என்ன இருக்கிறது? ஒரு ராத்திரி செல்போனில் பாலிசி தேடிப்பார்த்து நம்பரைப் போட்டுவிட்டான், விடிந்ததிலிருந்து ஹலோ சார், ஹலோ சார் என்று விதவிதமான குரல்கள், ஏணியில் நிற்கும்போது, வெல்டிங் வைக்கும்போது, பூசையில் நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதுகூட. தவணை குறைவான பாலிசி என்று ஒன்றைச் சொல்வார்கள், உள்ளே போனால் ரூமுக்கு ஒரு வரம்பு, ஆபரேஷனுக்கு ஒரு வரம்பு, பில்லில் ஒரு பங்கு நீயே கட்டு, திண்டுக்கல் ஆஸ்பத்திரி எதுவும் பட்டியலில் இல்லை, மதுரைக்குப் போ. எல்லாம் உள்ள பாலிசி என்றால் அதன் தவணை ஜோஸ்பினின் காலேஜ் பீஸ் போல இருந்தது. வயது இன்னும் ஒன்று ஏறினால் அதுவும் ஏறும். கடைசியில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றை வேலுசாமிதான் கொண்டுவந்தான், அது எட்டுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை, பிராங்கிளின் நோயில்லாதவனாக இருக்க வேண்டும்.

மச்சானுக்கும் அப்படித்தானே ஒரு ஏஜென்ட் சொன்னான். ஞானதாஸ் மச்சான், அக்கா சகாயராணியின் புருஷன், சித்தையன்கோட்டையில் ஹார்டுவேர் கடை, சிரித்த முகம், சுகர் இருந்ததை மறைத்துப் பாலிசி எடுத்தார். கிட்னி போய் மதுரையில் படுத்தபோது வார்டில் ஒரு சின்ன டாக்டர் வந்து எத்தனை வருஷமா சுகர் என்று கேட்க, உடம்பு நல்லாக வேண்டுமே, மறைக்கக் கூடாதே என்று அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டாள், டாக்டர் எழுதிக்கொண்டார், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். கடை போயிற்று. அதற்குப் பிறகு மச்சானும் போனார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பி, நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள். அழக்கூட இல்லை, ஒரு கணக்கு எங்கே தப்பியது என்று கேட்பது போலக் கேட்டாள். இப்போது இந்தப் பக்கம் நின்று யோசித்தால், சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு, பின்னே எதைத்தான் செய்வது... வேலுசாமியைக் கேட்டால், "அஞ்சு வருசம் தாட்டிட்டம்னா யாரும் கிண்ட முடியாதுண்ணே" என்கிறான். ஐந்து வருஷம். நெஞ்சிடம் யார் போய்ச் சொல்வது, செத்தப் பொறு அப்பு, ஐந்து வருஷம் போகட்டும் என்று?

அந்த டாக்டரிடம் போயிருக்கவே கூடாது. பழனியிலிருந்து வந்த மறுவாரம், மனசு கேட்காமல், கிளாராவிடம் கம்ப்ரசர் வாங்கப் போறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தான். வயதானவர், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதுல பெருசா ஒண்ணும் தெரியல. ஆனா நீங்க சொல்றது எனக்குப் பிடிக்கல. ட்ரெட்மில்ல ஓடவிட்டு ஒரு டெஸ்ட் எடுத்துருவோம். இந்த வாரமே வந்துருங்க" என்றார். வாரேன் சார் என்றான். படியிறங்கும்போதே அந்த யோசனை வந்துவிட்டது, யார் வைத்தார்களோ தலைக்குள், டெஸ்ட் எடுத்தால் ஏதாவது வரும், வந்தால் அது எழுத்தில் நிற்கும், நின்றால் எந்தக் கம்பெனியும் சேர்க்காது, ஆகவே முதலில் பாலிசி, பிறகு டெஸ்ட். தெரியாத நோயை யாரும் மறைக்க முடியாது. எவ்வளவு சரியாக இருந்தது! கம்பெனி மேனேஜரே அசந்துபோகிற மாதிரி ஒரு திட்டம். அதற்குப் பிறகு அவன் மாடிப்படிகளில் மெதுவாக ஏறினான், யூனிட் தூக்க எப்போதும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டான், ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்காமல் பார்த்துக்கொண்டான், ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னப்பா பிராங்கிளினு, வந்த ஆளு வண்டியிலயே உக்காந்திருக்க? நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரன் எங்கழுத்தப் பிடிப்பான்யா." மண்டப மேலாளர் சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்து நின்றார். "இந்தா ஏறுறேண்ணே, ஒரு போன் வரணும்" என்றதற்கு, "போனு மாடிக்கும் வரும்ல" என்றார். நியாயம்தான். பிராங்கிளின் போனைச் சட்டைப்பையில் போட்டு, தண்ணீர் பம்ப்பைத் தோளில் மாட்டி, ஏணியைப் பிடித்தான். முதல் படி, இரண்டாம் படி. பம்ப் கனத்தது, பம்ப்தான் கனக்கிறது, வேறொன்றுமில்லை... அந்தக் கை வந்து நடுநெஞ்சில் அமர்ந்தது. அமர்ந்து, இந்தத் தடவை கொஞ்சம் சாய்ந்தும் கொண்டது. அதே நேரம் போன் அடித்தது.

கீழே இறங்கி, பம்ப்பைத் தரையில் வைத்து, சுவரில் முதுகைக் கொடுத்து நின்று பேசினான். சின்னப் பெண்ணின் குரல், சென்னைப் பக்கத்துப் பேச்சு, அவள் பின்னாலிருந்து இதே கேள்விகளை வேறு வேறு ஆட்களிடம் கேட்கும் குரல்கள் சந்தைக்கடை போலக் கேட்டன. இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றாள். உயரம், எடை, சொன்னான். சிகரெட்? விட்டுவிட்டேன். சுகர்? இல்லை. பிரஷர்? இல்லை. இதெல்லாம் உண்மைதான், உண்மையாக இருந்ததால் வாய்க்கு ருசியாக இருந்தது, அந்த ருசியிலேயே அடுத்ததையும்... "நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, அந்த மாதிரி எப்பவாவது?" "இல்லை மேடம்." வந்துவிட்டது. குளியலறையில் வந்த அதே குரலில் வந்துவிட்டது. இவ்வளவுதானா, முடிந்ததா, இனி எல்லாம் இறக்கம்தான் என்று நினைக்கும்போதே தன் வலது கை சட்டைக்குள் போய் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான், அது யாருடைய கையோ போல இருந்தது, யாரைக் கேட்டு அங்கே போனது? "சரி சார். டாக்டர் யாராவது ஏதாவது டெஸ்ட் எடுக்கச் சொல்லி, நீங்க எடுக்காம விட்டது உண்டா?" பிராங்கிளின் வாயைத் திறந்தான். இல்லை. மூன்றெழுத்து. இப்படியா கேட்பார்கள், இதை வேலுசாமி சொல்லவில்லையே, கண்ணாடியைத் துடைக்கும் அந்தக் கிழவர் எங்கே இவளிடம் போய்... வாய் திறந்தபடி இருந்தது, காற்றுதான் போய்வந்தது. "சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். உண்டு. முன்னாடி நீங்க கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னேன்ல, அது... அதுவும் உண்டு."

சொன்னதும் என்ன நடந்தது என்றால் ஒன்றுமே நடக்கவில்லை, ரோட்டில் திருச்சி பஸ் போயிற்று. பழனி மாடியைச் சொன்னான், சோடாவைச் சொன்னான், இடது கை மதமதப்பு என்று ஒன்று இருப்பதை அப்போதுதான், சொல்லும்போதுதான், அவனே கேட்டான். கீபோர்டு தட்டும் சத்தம் ஓரிடத்தில் நின்றது. "சார், நான் உள்ளதை எழுதியாகணும். உங்க அப்ளிகேஷனை நிறுத்தி வெப்பாங்க. ரிப்போர்ட் இல்லாம மேல போகாது" என்றாள். சரி மேடம் என்றான். அவள் உடனே வைக்கவில்லை. தணிந்த குரலில், "இப்ப எங்க இருக்கீங்க?" என்றாள். "வேலையில... ஏணி பக்கத்துல." "இப்ப இருக்கா அது?" "இருக்கு மேடம்." "சார், ஏணியில ஏறாதீங்க. வண்டி ஓட்டாதீங்க. யாரையாவது கூட்டிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. 108-க்கு வேணும்னாலும் போடுங்க. இது கம்பெனிக்காகச் சொல்லல."

போச்சு. கைக்கு எட்டியது போச்சு, இனி எந்தக் கம்பெனி கேட்டாலும் உங்களை ஏற்கெனவே யாராவது நிறுத்தி வைத்தார்களா என்று கேட்பான், அதற்கும் ஒரு உண்டு சொல்ல வேண்டும். கோபம் வரும் என்று காத்திருந்தான், வேலுசாமி மேல், அந்தப் பெண் மேல், தன் வாய் மேல். வரவில்லை. அதற்குப் பதில் வேறொன்று வந்தது, அசிங்கமாக, மெல்ல: பாலிசி முதலில், டெஸ்ட் பிறகு என்று வைத்திருந்தானே, பாலிசி கிடைத்திருந்தால் மறுநாளே போய் ஓடியிருப்பானா? இன்னும் கொஞ்சம் காலம் போகட்டும் என்றிருக்க மாட்டானா? பயந்தது பில்லுக்கா, அல்லது அந்தக் கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொல்லப்போகும் வார்த்தைக்கா... இன்சூரன்ஸ் தேடுகிறேன், இன்சூரன்ஸ் தேடுகிறேன் என்று இத்தனை நாளும் எதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்?

சடையாண்டி ஏதோ சத்தம் போடத்தான் வந்தார், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஏய், என்னய்யா இப்பிடி வேர்த்திருக்கு?" பிராங்கிளின் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தான். "ரஃபீக்னு ஒரு மெக்கானிக் வருவாண்ணே, முகமது ரஃபீக், என்னவிட நல்லாப் பாப்பான். ரிசப்ஷனுக்கு ஒண்ணும் குறை வராது." இந்த மண்டபம் இனி ரஃபீக்குடையதாகவே ஆகிவிடலாம், ஆகட்டும். "சாவி கெடக்கட்டும்யா, மொதல்ல ஒக்காரு" என்று சடையாண்டி நாற்காலியை இழுத்துப்போட்டார், சமையல் சாமான் இறக்க வந்திருந்த காரை நிறுத்தி, டிரைவரிடம் பேசி, தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் சாய்ந்தபடி அவன் கிளாராவுக்குப் போட்டான். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான், பயப்படாதே என்று ஆரம்பித்தால் பயப்படுவாள், வாயு என்று ஆரம்பித்தால் அது மறுபடி பொய்.

"கிளாரா, திண்டுக்கல் வந்துக்கிட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"சரிங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நான் நேரா அங்க வந்துர்றேன். நீங்க எந்திரிச்சு நடக்காதீங்க, வீல் சேர் கேளுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. பின்னால் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

கார் ரயில்வே கேட்டைத் தாண்டி, தக்காளி வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாகி, மறுபடி வேகமெடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. அப்படியென்றால் தெரியுமா? எப்போதிலிருந்து? ராத்திரி அவன் புரண்டு படுத்தபோதெல்லாம் பக்கத்தில் விழித்துக்கொண்டே கிடந்தாளா, தெரிந்துகொண்டேதான் பாலிசி என்ன ஆச்சுங்க, பாலிசி என்ன ஆச்சுங்க என்று தினமும் கேட்டாளா, அவளும் முதலில் பாலிசி, பிறகு ஆஸ்பத்திரி என்று... சடையாண்டி திரும்பிப் பார்த்து, "பேசிக்கிட்டே வாப்பா, தூங்கிறாத" என்றார்.