பவளக்கொடியைப் பொறுத்து

பல்கலைக்கழகத்தில் பன்மாறி நுண்கணிதம் படிக்கிறவன் வீட்டில், அவன் பாஸாகும்வரை மற்ற எல்லோரும் மாறாமல் இருக்க வேண்டும். ஒன்று மாறும்போது மீதியை மாறிலியாகப் பிடித்து வைப்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் விதி. அதைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டால் படிப்பு எப்படி ஏறும்? அரக்கோணத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையனின் பத்தாம் வகுப்புக்கே டிவியைத் துணி போட்டு மூடி, கல்யாணம் காதுகுத்துக்குப் போகாமல் பழகிய ஜனங்கள்.

தணிகாசலம் வீட்டில் படித்தது கடைக்குட்டி சேந்தன். அப்பாவுக்கு வந்த பதவி உயர்வு வாசலோடு நின்றது. அம்மா கனகவல்லியின் இருமல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா பவளக்கொடிக்கு இருபத்துமூன்று வயது. அது அப்படியே இருந்தது, நகம்கூட வளரவில்லை. சேந்தன் துரை மட்டும் ஜோராக மாறினார். மீசை வந்தது, பைக் வந்தது, தொப்பை வந்தது. பேப்பர் மட்டும் ஒவ்வொரு தடவையும் அரியர்.

பவளக்கொடிக்கு நிச்சயம் பண்ணியிருந்த மணவாளன் சோளிங்கர்க்காரன். வேறு வீடு என்பதால் அவனுக்கு வயது ஏறியது. தீபாவளிக்குத் தீபாவளி இனிப்புப் பெட்டியோடு வருவான். முதலில் கண்ணாடியோடு வந்தான், பிறகு நரையோடு, பிறகு முடியே இல்லாமல்.

"இந்த வருஷமாவது உங்க தம்பி முடிச்சிடுவாரா?" என்பான்.

முடித்தாலும் அவளுக்கு ஆபத்துதான். பரீட்சையில் வீட்டை வகையிடும்போது, மாறுகிறவனோடு பெருக்கலில் ஒட்டியிருப்பவர்கள் தங்குவார்கள். கூட்டலில் தனியாக நிற்பவர்கள் பூஜ்யமாகிக் காணாமல் போவார்கள். அப்பாவும் அம்மாவும் சேந்தனோடு ஒட்டிக் கிடந்தார்கள். பவளக்கொடி தனியாக நின்றாள்.

"அவன் பாஸான அன்னிக்கு நான் இருக்க மாட்டேனேப்பா" என்றாள்.

"பொம்பளப் புள்ள, எப்பிடியும் போறவதானேம்மா" என்றார் தணிகாசலம், தினசரியிலிருந்து கண்ணை எடுக்காமல். சேந்தன் காலேஜில் சேர்ந்த அன்று வந்த தினசரி அது.

இந்த வருஷம் சேந்தன் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் பவளக்கொடி வீட்டை விட்டுக் கிளம்பினாள். தானும் அதே படிப்பில் சேர, நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மாறிலியை வெளியே எடுக்கக் கணக்கில் இடமுண்டு என்பதால் யாரும் தடுக்கவில்லை.

"ஒரே வீட்டுல ரெண்டு பேர் மாற முடியாதும்மா" என்றார் ஆபீசில் இருந்தவர்.

"அப்ப அவன நிறுத்துங்க சார்."

நிறுத்தினார்கள். வீட்டில் சேந்தன் படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

பவளக்கொடிக்குத் தேங்கிக் கிடந்த வருஷங்களெல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. முன்நெற்றி முடி நரைத்தது, முட்டி வலித்தது. அடடா, என்ன சுகமான வலி!

பரீட்சையில் ஒரே கேள்வி. உங்கள் வீட்டை எழுதி, உங்களைப் பொறுத்து வகையிடுக. அப்பா பெருக்கல் தம்பி, பைக் பெருக்கல் தம்பி என்று எழுதிக்கொண்டே போனாள். தன்னோடு பெருக்கலில் கிரைண்டரும் அடுப்பும் துவைக்கிற கல்லும்தான் இருந்தன. அப்பாவைத் தன்னோடு பெருக்க ஒரு வரி தேடினாள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. கண் கலங்கி எழுத்து மறைந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒருநாள் தம்பிக்கு வைத்த முட்டையில் பாதியை அம்மா யாருக்கும் தெரியாமல் அவள் சோற்றுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். அம்மா பெருக்கல் பவளக்கொடி, வகுத்தல் இரண்டு என்று எழுதினாள். கணக்கில் பொய் எழுதக் கூடாது.

பாஸானாள். ரிசல்ட் வந்த அன்றே கோயிலில் மணவாளனோடு மாலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா இல்லை, சேந்தன் இல்லை, பைக் இல்லை. "வீடு இப்பத்தான் காத்தோட்டமா இருக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அடுப்பங்கரையில், கிரைண்டர் பக்கத்தில், அம்மா இருந்தாள். முன்பிருந்த உயரத்தில் பாதி.

"சாப்ட்டியாடி?" என்றாள்.

அந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பவளக்கொடி ஓவென்று அழுதபடி அம்மாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எறக்கி விடுடி, நேரமாச்சு. நானும் அந்தப் படிப்புல சேர்ந்துட்டேன். இன்னிக்குத்தான் மொத கிளாஸ்."

"அம்மா, இப்பத்தானேம்மா நான் மாற ஆரம்பிச்சேன்."

"நான் கழுத்த நீட்டின நாள்லேர்ந்து அப்பிடியேதான்டி இருக்கேன்."

பவளக்கொடிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது அவனும் அந்த வீட்டு மனுஷன்; இனிமேல் தனக்கும் வயது ஏறாது என்று மணவாளனுக்கு உள்ளூர சந்தோஷம். பவளக்கொடி அம்மாவை இடுப்பில் வைத்தபடியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஜன்னல் சீட்டாகப் பார்த்து ஏற்றிவிட்டாள்.

கண்டக்டர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.