நான்காவது வரி

அந்தக் கடற்கரைக்கு முன்னால் தீவும் இல்லை, திட்டும் இல்லை; கடல் நேராக வந்து நெஞ்சில் மோதும். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, காற்று இழுத்த இழுப்புக்குத் தண்ணீர்மேல் சறுக்குகிறவர்களுக்கு அதுதான் சொர்க்கம், அதுதான் எமன். அன்றைக்கு இரண்டில் எது என்று காலை ஒன்பது மணிக்கு எழுதிவைப்பது காற்றுக்காரியின் வேலை.

காற்றுக்காரி என்பது அங்கே வருகிறவர்கள் வைத்த பெயர். சறுக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அவளுடைய அண்ணனுடையது. அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் கிழித்த கோட்டை அவள் தாண்டியதில்லை.

காற்று விஷயத்தில் மட்டும் அவர்தான் அவளைக் கேட்பார். எட்டரைக்கு நீர் விளிம்பில் போய் நிற்பாள். காற்றுமானியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம், கை மரத்துப்போகும்வரை. கண்டதை முதலில் நோட்டில் எழுதுவாள். பிறகு பள்ளிச் சுவரில் தொங்கும் கரும்பலகையில் மூன்று வரி: காற்றின் திசை, வேகம், அலை ஏற்ற இறக்கம். ஆபத்து வரும் நாளில் மட்டும் நான்காவதாக ஒரு வரி, எத்தனை மணிக்குள் கரையேற வேண்டும் என்று. நான்காவது வரி இல்லையென்றால் மதியம்வரை பயமில்லை. இது அங்கே எல்லாருக்கும் மனப்பாடம்.

பல் டாக்டருக்கு அது வேதவாக்கு. நான்கு வருடமாக வருகிற மனிதர், வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். "வாயைத் திறன்னு நான் சொன்னா ஏன் எதுக்குன்னு கேக்காம திறக்கறாங்கல்ல? அதே மாதிரிதாம்மா உன் பலகை எனக்கு" என்பார்.

அன்று கடலிலிருந்து மணிக்குப் பதினெட்டு கடல் மைல் வேகத்தில் அருமையான காற்று. ஆனால் பின்னால் இருந்த மொட்டை மலையின் இரண்டாவது திமிலை ஒன்பது மணிக்கே மேகம் மூடியிருந்தது. அப்படி மூடினால் பதினொன்றுக்குள் காற்று தலைகீழாகத் திரும்பி, மலையிலிருந்து கடலுக்கு அடிக்கும். பட்டத்தோடு ஆளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஏழு வருட நோட்டில் பத்தொன்பது முறை மூடியிருந்தது. பதினேழு முறை திரும்பியிருந்தது. எனவே எழுதினாள்: "பத்தரைக்குள் எல்லாரும் கரையேறவும்."

ஏதோ அலுவலகத்திலிருந்து பதினொரு பேர் பத்து மணிக்குப் பயிற்சிக்கு வருவதாக அண்ணன் சொன்னார். அரை மணியில் அனுப்பிவிடுங்கள் என்றாள். அவர் பலகையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், சரி என்றார். அவள் பின்கட்டுக்குப் போய்க் கிழிந்த பட்டத்துக்கு ஒட்டுப்போட உட்கார்ந்தாள்.

பத்தே முக்காலுக்கு மலைப்பக்கத்துத் தகரக் கதவு படபடவென்று அடித்தது. சொன்னபடி திரும்பிவிட்டது என்று உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பதினொரு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்காற்றில் கரையோரத் தண்ணீர் இஸ்திரி போட்டதுபோல் மழமழவென்று கிடந்தது. அதன் சூது தெரியாமல் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். தொலைவில், அவர்களையெல்லாம் தாண்டி, நீலப் பட்டம் ஒன்று சிறுத்துக்கொண்டே போனது. பல் டாக்டருடையது.

பள்ளியின் படகோட்டி விரட்டிக்கொண்டு போய் அவரை ஏற்றிவர ஐம்பது நிமிடமாயிற்று. பட்டத்தை அறுத்துவிட்டுச் சறுக்குப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது. போர்த்திய கம்பளிக்குள்ளிருந்து அவளைத்தான் தேடினார்.

"பலகையைப் பாத்துட்டுத்தாம்மா இறங்கினேன். மூணு வரிதான் இருந்துது."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று வரிதான் இருந்தது. நான்காவது வரியின் இடத்தில் மங்கலாக ஒரு வெள்ளைத் தேய்ப்பு.

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். டாக்டரின் தோளைத் தடவியபடி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"கோச்சுக்காதீங்க டாக்டர். நாலு நாளா அவளுக்கு உடம்பு சரியில்ல. எழுத மறந்துட்டா போல. சின்னப் பொண்ணுதானே, நான் கண்டிச்சு வைக்கறேன்."

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டரின் தோளிலிருந்த அந்தக் கையின் விளிம்பில், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டுவரை, சாக்பீஸ் மாவு அப்பியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். கையை மெல்ல எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அழித்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பதினொரு பேரை அரை மணியில் திருப்பியனுப்ப மனசு வரவில்லை என்று தனியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பாள். அந்தக் கை இப்போது அவளையும் அல்லவா அழித்துவிட்டது.

நோட்டை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் படித்தார், அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், மூடிக் கொடுத்தார். அவளை நம்புவதாகத்தான் சொன்னார். ஆனால் போகும்போது, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நின்று மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு பார்வை அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அண்ணன்மேல் உள்ள கோபத்துக்கு யாரோ ஒருவன் உயிரை விடுவதா? எட்டரைக்கு நீர் விளிம்பில் நின்றாள். காற்று நல்ல காற்று, மலை தெளிந்திருந்தது. பள்ளிக்கு வந்து கரும்பலகையை ஆணியிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். இருநூறு அடி தள்ளியிருந்த உயிர்காப்பாளர் கூண்டுக்குச் சுமந்துபோய், அதன் கம்பியில் மாட்டி, மூன்று வரி எழுதினாள். கூண்டிலிருந்தவரிடம், இனி இதில் தன் கையைத் தவிர வேறு கை பட்டால் ஊதலை ஊதச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதரைக்கு அண்ணன் மணலில் கால் புதைய நடந்து வந்தார். ஒன்றுமே நடக்காதவர் போல, "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார்.

புதிதாக வருகிற யாருக்கும் சொல்வதைப்போல, தலை நிமிராமல் சொன்னாள்.

"பலகையில எழுதியிருக்கு சார். படிச்சுப் பாருங்க."