அண்ணன் வீட்டில் எல்லாமே புதுசு

அவள் வேலை பார்ப்பது ஒரு தையல் கம்பெனியில், சோதனைப் பிரிவில். தைத்து வரும் சட்டைகளை மேசைமேல் விரித்துப் போட்டு, காலர் கோணியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று பார்த்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்து கண் அப்படிப் பழகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் திரை ஏற்ற இறக்கமாகத் தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். பிறந்த வீட்டில் மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிடுவாள். கணவன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் துப்பறியும் புலி. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பேச்சிலும்கூட பிரேக்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டே இருக்கும் ஆள்.

அந்த வருஷமும் மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மூன்று பேரும் கடலோரத்து வீட்டுக்குக் காரில் கிளம்பிப் போனார்கள். அவள் பிறந்து வளர்ந்த வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். அண்ணனுக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தொழில். பிள்ளை இல்லை. வாசலிலேயே நின்று, "வா பாப்பா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். நாற்பது வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

குளிக்கப் போனவளுக்கு முதல் உறுத்தல் சோப்பில் தொடங்கியது. புத்தம்புது சோப்பு. அதில் பதித்த எழுத்துகூட மழுங்கவில்லை. சரி, விருந்தாளி வருகிறார்கள் என்று வைத்திருப்பார்கள் என நினைத்துக்கொண்டாள். பற்பசையும் புதுசு. அடுப்படிக்குப் போனால் எண்ணெய் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது, உப்பு ஜாடியில் உப்பு விளிம்பு வரை நின்றது. மனிதர்கள் புழங்கும் வீட்டில் பாதி தீர்ந்த சாமான் ஒன்றாவது இருக்க வேண்டாமா? லாட்ஜில்தான் இப்படி இருக்கும்.

அண்ணி மிளகாய்த்தூளைத் தேடி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, உங்க அடுப்படியில நீங்களே தேடுறீங்க?"

"இந்த வீட்ல எதை எங்க வச்சேன்னே நினைவுல நிக்க மாட்டேங்குது" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல் வாயை மூடிக்கொண்டாள்.

'இந்த வீட்ல'யாமே. அப்படியென்றால் இன்னொரு வீடு இருக்கிறதா? அவள் அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கியதும் அண்ணி முன்னறைக்கு வந்தாள். கதவுக்கு இடது பக்கச் சுவரில் அவள் கை தானாகத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. சுவிட்ச் வலது பக்கம். எப்போதும் வலது பக்கம்தான். மறுநாள் மாலையும் அண்ணியின் கை அதே சுவரைத் தடவியதை இவள் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. பின்னறைக்குப் பூட்டு. "பழைய எஞ்சின் சாமான் போட்டு வச்சிருக்கேன், சாவியை எங்க வச்சேனோ" என்றான் அண்ணன். கொல்லைப்பக்கம் ஆள் உயரத்துக்குத் தகர வேலி. அலைச் சத்தம் முன்பைவிடக் கிட்டத்தில் கேட்டது. தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டு தொங்கியது. கேட்டால், "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க" என்றான். பொழுது சாய்ந்தும் வேலையிலிருந்து திரும்பாத தெருவை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது குக்கர். கடைக்குப் போய்வருகிறேன் என்று மதியம் கிளம்பிய அண்ணி, பையில் ஒரு குக்கரோடு திரும்பினாள். அடி கறுத்து, கைப்பிடியில் துணி சுற்றிய குக்கர். அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

மாலையானால் அண்ணனும் அவள் கணவனும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தகர வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். குசுகுசுவென்று பேச்சு. இவள் வேலிக்கதவில் கை வைத்ததும் பேச்சு நின்றுவிடும். இருவரும் எழுந்து வந்து அவளை உள்ளேயே திருப்பிக் கூட்டிப் போய்விடுவார்கள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கடலைப் பாத்துட்டிருந்தோம்."

"இவ்வளவு நேரமா?"

"பெரிய கடலாச்சே."

அவள் சிரிக்கவில்லை. கணக்கு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டை விற்றுவிட்டார்கள். இவள் வரும் நாளுக்கு மட்டும் வாங்கியவனிடம் சாவியைக் கேட்டு வாங்கி வந்து நாடகம் போடுகிறார்கள். அதற்குத் தன் புருஷனும் கூட்டு. அப்பா இறந்த வருஷம் ஏதோ வாய்த்தகராறில், "இந்த வீடு இருக்கிற வரைக்கும்தான் நான் இந்தப் பக்கம் வருவேன்" என்று அண்ணனிடம் சொன்னது அவள்தான். அதைச் சாக்காக வைத்து ஏமாற்றுகிறானா?

மறுநாள் காலை மெழுகுவத்தி வாங்க முனைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாம்மா, வந்தாச்சா? அப்ப உங்க அண்ணனும் வந்திருப்பாரே. அவரைப் பாத்தும் நாளாச்சு."

மெழுகுவத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மதியம் அண்ணி வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இவள் மகளைப் பின்சீட்டில் ஏற்றி, கணவனை ஓட்டச் சொன்னாள். "அந்த பஸ் பின்னாடியே போங்க."

ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன், தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு தடவை எஞ்சினை அணைய விட்டான். சாவியைத் திருகிக்கொண்டே, "வெயிலா இருக்கே, அப்புறம் போலாமா?" என்றான். அவள் பஸ்ஸைக் கை காட்டினாள். பஸ் கடலை விட்டு விலகி உள்ளே போனது. ஒரு நாற்சந்தி வந்தது. பஸ் இன்னும் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை, அதற்குள் கணவன் இடதுபக்க விளக்கைப் போட்டுவிட்டான். பஸ்ஸும் இடதுபக்கமே திரும்பியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை.

ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். அண்ணி இறங்கி அதில் ஒன்றின் கதவைத் திறந்தாள். இவளும் பின்னாலேயே உள்ளே போனாள். அறை இருட்டாக இருந்தது. இடது பக்கச் சுவரில் கையை வைத்தாள். சுவிட்ச் அங்கே இருந்தது.

வெளிச்சத்தில், காலையில் வேலைக்கென்று கிளம்பிப்போன அண்ணனும் தெரிந்தான். தரையில் அமர்ந்து தண்ணீர்க் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"யாருக்கு வித்த?" என்றாள்.

"எதை?"

"வீட்டை."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி பையைக் கீழே வைத்தாள். "அதை யாரும்மா வாங்குவா? கடல்தான் வாங்கிட்டிருக்கு."

கொல்லையில் இரண்டு நாற்காலி போடும் இடம் தவிர எல்லாம் போய்விட்டது. இந்த வருஷம் பின்னறையின் வெளிச்சுவரும் விழுந்துவிட்டது. சர்க்காரில் தெருவையே காலி பண்ணச் சொல்லி, எல்லாருக்கும் இங்கே வீடு ஒதுக்கிவிட்டார்கள்; பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் இவள் வருவதற்கு முந்தின வாரம் போய்ச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலை ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டு, சாமான் வாங்கி அடுக்குவார்கள். அண்ணன் தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தான்.

"நீதானே பாப்பா சொன்ன, வீடு இருக்கிற வரைக்கும்தான்னு."

"அதுக்கு? விழப்போற வீட்ல என் பிள்ளையைப் படுக்க வப்பியா?"

"முன்னறைக்கு ஒண்ணும் ஆகாது. அதுவும், தண்ணி ஏறுற நேரமெல்லாம் நானும் மாப்பிள்ளையும் மாத்தி மாத்தி உக்காந்து பாத்துட்டுதான் இருந்தோம்."

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கணவன் சொன்னது பொய்யில்லை. அவள் திரும்பினாள். அவன் வாசற்படியிலேயே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"முதல் வருஷமே மச்சான் என்கிட்ட சொல்லிட்டார்" என்றான். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"வாயைத் திறந்து சொல்றது."

இதற்கு அண்ணிதான் பதில் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனால் நாலு வருஷமாக அடக்கி வைத்தது அதில் இருந்தது. "உன்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்றதுக்கு, கட்டிலும் பாத்திரமுமா ஒரு வீட்டையே தூக்கிட்டுப் போறது லேசுன்னு நினைச்சாரு உங்க அண்ணன். தூக்குறது நான். இடுப்பு என்னுது."

அவளுக்கு முகம் சூடேறியது. அண்ணன் பக்கம் திரும்பினாள். அண்ணனின் தலையில் எப்போது இவ்வளவு நரை விழுந்தது? வந்த நாளிலிருந்து சுவரையும் சோப்பையும் பார்த்தவள், அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்கை அழுவாளோ என்று பயந்த முகம் அது. கத்துவாளோ என்றும் பயந்திருந்தது.

"காருக்குள்ள கட்டில் ஏறாது" என்றாள் கடைசியில். "வேன் யாருகிட்ட கேப்பீங்க எப்பவும்?"

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். பின்னறைப் பூட்டைத் திறக்கச் சொல்லி அவள் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தரை பாதியில் முடிந்து, அதற்குக் கீழே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. கதவை அவளே சாத்திவிட்டு வந்தாள். கடலைப் பார்த்து நின்று அழவெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை. அண்ணி அடுப்பைத் தூக்கத் துணைக்கு ஆள் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு அறையில் ஐந்து பேர். ஃபேனுக்கு நேரே யார் படுப்பது என்று மாமாவுக்கும் மருமகளுக்கும் சண்டை. அண்ணியின் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டபோது, "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள் அண்ணி. அதற்கு மேல் அவர்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவும் இல்லை.

விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"வேற ஏதாவது மறைச்சு வச்சிருக்கீங்களா?"

அவன் கியரை மாற்றினான். மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத நேரான ரோடு.

"ஒண்ணே ஒண்ணு" என்றான். "விஷயம் இவளுக்கும் தெரியும். போன வருஷமே கண்டுபிடிச்சிட்டா. அம்மாகிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.