கைக்கும் விடாதேக்கும் நடுவில்

கத்தி முதலில் இறங்கியதா, பூனை முதலில் கத்தினாளா என்பதை இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. அங்கிருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

ஓசையில்லாமல் நடப்பாள், லேசில் வாய் திறக்கமாட்டாள். அதனால் ஓவியக் கல்லூரியில் அவளுக்குப் பூனை என்று பெயர். கிராஃபிக் டிசைன், இரண்டாம் வருஷம். பட்டறையில் காகிதம் வெட்டும் இயந்திரத்தைக் கண்டாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். கை நுழைந்தால் கத்தியை நிறுத்தும் சென்சார் அப்போது பழுதாகியிருந்தது. மெக்கானிக் வரும்வரை மாட்டிவைக்க ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஆசிரியர் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்.

"படம் கூடாது, எழுத்து மட்டும்தான். எல்லார் முன்னாடியும் நீதான் விளக்கணும். வாய் திறக்கலைன்னா பாஸ் கிடையாது."

'கை விடாதே' என்று சிவப்பில் எழுதினாள். திரையில் இரண்டு சொற்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி, விழுந்த பல்லைப் போல உறுத்தியது. நெருக்கினாள். இன்னும் கொஞ்சம். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பலகை இயந்திரத்தின்மேல் ஏறியது. வகுப்பே சுற்றி நின்றது. மனப்பாடம் செய்துவைத்த முதல் வாக்கியம் அவளுக்கு மறந்துபோனது.

"கைவிடாதே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருகினான் ரேடியோ. ஓயாமல் பேசும் வகுப்புத் தோழன். "ஏன்டி பூனை, மிஷினை யாருடி ஏமாத்திட்டு ஓடினா? பாவம், இப்படிக் கெஞ்சுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவளும் சரியாகப் படித்தாள். கையை உள்ளே விடாதே என்று மிரட்ட வேண்டிய பலகை, என்னைப் பிரிந்து போகாதே என்று அழுதுகொண்டிருந்தது. தப்பு, கழற்றுங்கள் என்று சொன்னால் போதும். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள்.

அடங்குவதற்குள், இயந்திரத்தை ஓட்டும் பட்டறை அண்ணன் தாள்கட்டை ஏற்றிவிட்டு, கத்தியை இறக்கும் பொத்தான்கள்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். கட்டுக்கு மறுபக்கம் ஒரு தாள் மடங்கி நீட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"பயப்படாத செல்லம், நான் கைவிடமாட்டேன்" என்று இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்த ரேடியோ, அந்தத் தாளை இழுக்கக் கையை உள்ளே விட்டான்.

"கை!"

அது பூனையின் குரல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் பொத்தான்களிலிருந்து கைகளை உதறினார். கத்தி பாதியில் நின்றது. ரேடியோ கையை வெளியே இழுத்து விரலைப் பொத்திக்கொண்டான். வெகுநேரம் கழித்து மிச்சத்தையும் சொன்னாள்.

"விடாதே."

பலகையில் அவள் விட்டிருக்க வேண்டிய இடைவெளி அது.

ரேடியோவுக்கு நடுவிரல் நகம் மட்டும்தான் போயிற்று; அது கோணலாக முளைத்தது. இப்போது விளம்பர நிறுவனத்தில் இருக்கிறான். அண்ணன், சென்சார் சரியான பிறகும், "கை!" என்று குரல் கொடுக்காமல் பொத்தானைத் தொட்டதில்லை; இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆசிரியர் பூனைக்கு அந்த முறை பாஸ் போடவில்லை. அடுத்த முறை போட்டார். அவள் மருந்து அட்டைகளுக்கு எழுத்து அமைக்கிறாள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கிறாள்.