பீச்சாங்கை வெட்டு

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருந்த கருப்பம்மாளுக்கு 1924இல் ஒரு கூப்பன்கூட வரவில்லை. அரசாங்கம் தரும் கூப்பன் இல்லாமல் ரப்பரை விற்க முடியாது. மரத்தில் பால் ஊறுகிறது, கொட்டகையில் ரப்பர் ஷீட் அடுக்கிக் கிடக்கிறது, உலை வைக்க மட்டும் அரிசி இல்லை. கொடுமையைப் பாருங்கள்.

எல்லாம் பக்கத்து நிலத்துக்காரன் சீனிக் கங்காணியின் வேலை. நிலத்தை அவளுக்கு விற்றவர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றுதான் ஆதாரம். "கூப்பன் மனு எழுதித் தாரேன்" என்று சீனி சொன்னதை நம்பி, படிக்கத் தெரியாத அவள் அதைக் கொடுத்துத் தொலைத்தாள். அந்தப் பாவி தன் கூப்பன் மனுவில் அவளுடைய மரங்களையும் தன் பேரில் எழுதிக்கொண்டான். சீட்டைக் கேட்டால், "கரையான் தின்னுருச்சு, நான் என்ன பண்ண?" என்றான்.

தோட்டத்தில் அவன் கங்காணியாக இருந்தபோது அவள் அவனுக்குக் கீழே பால்மரம் வெட்டியவள்; பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் இறக்கும் வேலை. அவளுக்கு இடதுகைப் பழக்கம். முதல் சம்பளத்தன்று தெரியாமல் அந்தக் கையை நீட்டிவிட்டாள். "பீச்சாங்கையையா நீட்டுற, மூதேவி" என்று பிரம்பால் விரல்களில் அடித்தான். அதற்குப் பிறகு அவள் சம்பளத்தைத் தரையில்தான் போடுவான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். இதைப் பொறுக்கவில்லை. இவன் என் வாசலில் வந்து நிற்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு, கடைக்காரர் ஜைனுலாப்தீனிடம் புகார் எழுதி வாங்கி, கூப்பன் ஆபீசுக்கு அனுப்பினாள்.

மூன்றாம் மாதம் பரிசோதகர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆர் வெட்டுறது?" என்று கேட்டார்.

"நான்தாங்க. ஆறு வருசமா வேற ஒரு கை பட்டதில்ல" என்றான் சீனி.

அவள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"அவரையே ஒரு மரம் வெட்டச் சொல்லுங்கய்யா" என்றாள்.

சீனி கத்தியை வாங்கினான். மற்றவர்கள் வெட்டியதில் குறை சொல்லியே காலம் தள்ளியவன், இந்த மரங்களை ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால்தானே? ஊரே வெட்டுவதுபோல் வலதுகையால் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இழுத்தான். பட்டையில் இருந்த பழைய வெட்டோ வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கம் இறங்கியது. இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு, பால் கோப்பைக்குப் போகாமல் மரத்தில் வழிந்தது. பரிசோதகர் அடுத்த மரத்தைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். முந்நூறு மரத்திலும் வெட்டு அப்படியேதான் இறங்கியது. கருப்பம்மாள் இடதுகையில் கத்தியை வாங்கி, பழைய வெட்டின் மேலேயே மெல்லிசாகச் சீவினாள். பால் நேராகக் கோப்பையில் விழுந்தது.

மரங்கள் அவள் பேருக்கு வந்தன, கூப்பனும் வந்தது. பொய் எழுதியதற்காகச் சீனியின் சொந்த மரங்களுக்கும் அந்த வருஷக் கூப்பன் நின்றுபோனது.

இரண்டு மாதம் கழித்து அவன் வாசலில் வந்து நின்றான். "அக்கா, ஷீட்டெல்லாம் பூசணம் புடிக்குது. ஒரே ஒரு கூப்பன் குடுங்கக்கா. வீட்ல அடுப்பு எரியல."

அக்காவாம். அவளுக்கு இரக்கம் வரவில்லை, வயிறு குளிர்ந்தது. வெயிலில் அவனை நன்றாக நிற்கவிட்டு, உள்ளே போய் ஒரு கூப்பன் எடுத்து வந்தாள். இடதுகையால் நீட்டினாள்.

"இந்தா."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். முகம் சுருங்கியது. அவள் கையை மாற்றவில்லை.

சீனி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.