மணிக்கட்டில் இரைந்த ரத்தம்

றலியாவின் வலது மணிக்கட்டுக்குள் ஓர் இரைச்சல் குடியிருந்தது, பிள்ளைகளே. விரலை வைத்தால் குளவிக்கூட்டைத் தொட்ட மாதிரி அதிரும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு, டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களான நாடியையும் நாளத்தையும் ஒன்றாகத் தைத்துவிட்ட இடம் அது. பிஸ்டுலா என்பார்கள். இடக்கையில் தைத்தது போன வருஷமே அடைத்துப் போயிற்று. மிச்சம் இந்தக் கைதான்.

கண்டியில் அவள் போகும் ஆஸ்பத்திரியில் இப்படித் தைத்த கைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. இளஞ்சூடான விளக்கொளி காட்டினால் பிஸ்டுலா கூடுதல் காலம் நிலைக்குமா என்று பார்த்தார்கள். றலியாவும் அதில் சேர்ந்திருந்தாள். ஆராய்ச்சித் தாதி கோசலா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்: "அக்கா, அந்தக் கையில ஒண்டும் இறுக்கிக் கட்டாதேங்கோ. இரைச்சல் நிண்டால் உடன வாங்கோ. பிந்தினால் அந்த நாளம் போச்சு."

தலையாட்டிக் கேட்டவள்தான். ஆனால் அன்றைக்கு மடவளை ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்கு, மகள் ருஷ்தாவைப் பார்க்க மாப்பிள்ளையின் உம்மா ரிப்கா வருகிறாள். வருகிறவர்கள் கையோடு கை கோத்துத்தானே ஸலாம் சொல்லுவார்கள்? பிடித்த விரலுக்கு அந்த அதிர்வு தெரியாமல் போகுமா? தாயின் சிறுநீரக வருத்தம் மகளுக்கும் வரும் என்று முந்தின சம்பந்தம் திரும்பிப் போன காயம் இன்னும் ஆறவில்லை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பந்தேஜ் துணியால் மணிக்கட்டைச் சுற்றினாள். தொட்டுப் பார்த்தாள், அதிர்ந்தது. இன்னும் இறுக்கினாள். ஒன்றும் தெரியாமல் போனதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சட்டைக் கையை இழுத்து மூடினாள். எதற்கு நன்றி சொல்கிறோம் என்று பாவம் அவளுக்குத் தெரியவில்லை.

ரிப்கா வந்து, சம்பந்தி உரிமையோடு இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றினாள்.

"என்ன மச்சி, கை இப்படிக் குளிருது?"

"கோப்பை கழுவிட்டு வந்தேன்."

"எங்கட மகனைக் கழுவ விட்டுராதீங்க, உடைச்சே முடிப்பான். ஊட்டுல மிச்சம் ஈக்கிறது ரெண்டு கோப்பைதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். றலியாவும் சிரித்தாள். வட்டிலப்பம் பரிமாறும்போது கரண்டி அவள் விரலுக்குள் நிற்கவில்லை. மெல்ல எழுந்து அறைக்குப் போய்த் துணியை அவிழ்த்தாள். விரலை வைத்தாள். மணிக்கட்டில் காதை வைத்தாள். ஆள் இல்லாத வீடு மாதிரிக் கிடந்தது கை.

தேடி வந்த ருஷ்தா துணியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கட்டினீங்களா உம்மா?"

"மெதுவாப் பேசு. அவங்க போகட்டும். பொறகு பாப்போம்."

"பொறகு பாக்க எந்தக் கை ஈக்கி உங்களுக்கு?"

வெளியே ரிப்காவின் குரல் கேட்டது. "புள்ளையக் கூப்பிடுங்க, மோதிரத்தைப் போட்டுட்டுப் போறோம்."

ருஷ்தா நேரே ரிப்காவின் முன்னால் போய் நின்றாள். "மாமி, உம்மா டயாலிசிஸ் செய்றவ. இப்ப கையில ரத்த ஓட்டம் நிண்டு போச்சு. உங்கட வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்களா?"

ரிப்கா மோதிரப் பெட்டியை மெதுவாக மூடினாள். "ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான். வழியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவே இல்லை. றலியாவின் இடக்கை விரல்கள் வலக்கை மணிக்கட்டை விட்டு எழும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கோசலா, ரத்த ஓட்டம் கேட்கும் சின்னக் கருவியை மணிக்கட்டில் வைத்தாள். இரைந்து கேட்க வேண்டிய ரத்தம் கேட்கவில்லை. கருவியின் வறண்ட சீறல் மட்டும்.

"எப்ப நிண்டது அக்கா?"

"தெரியா புள்ள."

பொய்யில்லை, செல்லங்களே. அதிர்வு தெரியக்கூடாது என்றே கட்டியவளுக்கு அது நின்ற நேரம் எப்படித் தெரியும்?

"டொக்டர்மார் ரத்தக்கட்டியை எடுக்கப் பாப்பினம். சரிவராட்டில் கழுத்துக்குள்ளால குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ்" என்றாள் கோசலா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

றலியா கிடந்த தள்ளுவண்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது. மோதிரப் பெட்டியோடு ரிப்காவின் வேன் கீழே கிளம்பும் சத்தம். யாரும் மேலே வந்து போயிட்டு வாறோம் என்று சொல்லவில்லை. ருஷ்தா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. உம்மாவின் செருப்பு இரண்டையும் குனிந்து எடுத்துக்கொண்டு, மூடிய கதவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.